இருபத்தைந்து பவுண்டுக்குள்

என் வலது தோளில் அறுவை செய்த மருத்துவர் சிகிச்சையின் கடைசி நாளில் ஓர் எண்ணைச் சொல்லி அனுப்பினார்: இருபத்தைந்து பவுண்டு. அதற்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. இந்த மாதம் மட்டுமல்ல, இனி எப்போதும்.

நான் தீவன ஆலையில் எடைமேடை பார்ப்பவள். எண்ணைக் கொடுத்தால் அதை வைத்து ஏதாவது செய்யாமல் இருக்க முடியாது. மறுநாளே ஆலையில் இரண்டு பேரைப் பிடித்து, என் பேஸ் கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கும் பழைய ஆம்பை வண்டியிலிருந்து இறக்கித் தராசில் ஏற்றச் சொன்னேன். தொண்ணூற்றிரண்டு. பதினைந்து அங்குல ஸ்பீக்கரும் ஆம்பும் ஒரே பெட்டிக்குள், மூலைகளில் இரும்புக் காப்பு. பத்தொன்பது வருடம் வெள்ளிக்கிழமை தவறாமல் அதைத் தூக்கியிருக்கிறேன். தோள் ஏன் போயிற்று என்று மருத்துவரிடம் கேட்டிருக்கவே வேண்டியதில்லை.

நாங்கள் மூன்று பேர். டுவேன் குப்கா அக்கார்டியன், ரோலி டிரம், நான் பேஸ் கிட்டார். லாவோன் நடத்தும் ஏரிக்கரை சப்பர் கிளப் என்ற உணவகத்தில் வெள்ளிதோறும் மாலை ஐந்தரையிலிருந்து எட்டு வரை வாசிப்போம். மீன் வறுவல் நாள் அது. வெள்ளியன்று இறைச்சி தொடாத தவக்காலம் வந்துவிட்டால் வாசல்வரை வரிசை நிற்கும். கோட்டைக் கழற்றாமலே பிராந்திக் கிளாஸோடு நிற்பார்கள். துள்ளல் நடனப் பாட்டான போல்கா தொடங்கினால் வரிசையில் நின்றபடியே சிலர் ஆடுவார்கள்.

அக்கார்டியனில் ஒரு சங்கதி உண்டு. வலது கை பாட்டை வாசிக்கும். இடது கைப் பக்கம் வரிசை வரிசையாகச் சின்னப் பொத்தான்கள். பேஸ் சுரங்கள், அதாவது பாட்டைத் தாங்கும் கீழ்ச் சுரங்கள், அங்கே இருக்கின்றன. பக்கத்தில் பேஸ்காரர் ஒருவர் நின்றால், அக்கார்டியன்காரர் இடது கை விரல்களை மடக்கிக்கொண்டு துருத்தியை மட்டும் இழுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் யாரும் எழுதி வைக்காத மரியாதை இது. இரண்டு பேர் ஒரே பேஸில் கைவைத்தால் சத்தம் சேறாகிவிடும். டுவேன் பத்தொன்பது வருடம் எனக்கு அந்த மரியாதையைக் கொடுத்தான்.

அறுவைக்குப் பிறகு குளிர்காலம் முழுக்க நான் போகவில்லை. அவன் விரல்களைப் பிரித்தான். இடது கையே பேஸைப் பார்த்துக்கொண்டது. நான் நிற்கும் மூலையில் லாவோன் இரண்டு பேர் உட்காரும் ஒரு மேசையைப் போட்டாள்.

பிப்ரவரி கடைசியில் போய் என் மூலையைத் திரும்பக் கேட்டேன். அவள் கல்லாவுக்குப் பின்னால் நின்று நாப்கின் மடித்துக்கொண்டிருந்தாள்.

"மார்லிஸ், உன்மேல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல," என்றாள். "ஆனா நீ நின்ன எடத்துல இப்ப ரெண்டு பேரு உக்காந்து மீன் தின்னுட்டுப் போறாங்க. உன் பொட்டி மீனும் தின்னாது, டிப்ஸும் வைக்காது."

"பொட்டி சின்னதா இருந்தா?"

"எவ்ளோ சின்னது?"

"அந்த மேசையில பாதி."

நாப்கினை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சின்னதோ பெருசோ, தட்டு ஆடக் கூடாது. போன வருஷம் உன் சத்தத்துல பதினாலாம் மேசையில முள்ளுக்கரண்டி தானா நடந்து போய்க் கீழ விழுந்துச்சு. மறந்துட்டியா?"

"அன்னைக்குக் கதவு தொறந்திருந்துச்சு. காத்து."

"காத்துல முள்ளுக்கரண்டி நடக்குமா? பட்டாம்பூச்சியா அது?" சிரிக்காமல்தான் சொன்னாள். "சரி. ஒரே ஒரு வெள்ளி தர்றேன். தவக்காலத்து நாலாவது வெள்ளி. இடத்துக்குள்ள அடங்கி, தட்டு ஆடலேன்னா நீ இரு. ஆடுச்சுன்னா மேசை திரும்பி வந்துரும். அப்பறம் என்கிட்ட மூஞ்சியத் தூக்கிட்டுப் போகக் கூடாது."

டுவேனிடம் சொன்னபோது அவன் என் நல்ல தோளைத் தட்டி, "ஒண்ணும் ஆகாட்டியும் கவலப்படாத, நாங்க சமாளிச்சுக்கிறோம்," என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான். நான் இல்லாமலும் நடக்கும் என்றுதான் எனக்குக் கேட்டது.

தீவன மூட்டையில் கட்டும் அட்டை ஒன்றை எடுத்து அதன் பின்பக்கம் பட்டியல் போட்டேன். ஒரு கையில் தூக்கும் எந்தப் பொருளும் இருபத்தைந்து பவுண்டுக்குள் இருக்க வேண்டும். அகலமும் ஆழமும் பதினெட்டு அங்குலம் தாண்டக் கூடாது. லாவோனின் மூலையை நாடா வைத்து அளந்திருந்தேன். டிரம்முக்கும் அக்கார்டியனுக்கும் நடுவில் என் சத்தம் எனக்குக் கேட்க வேண்டும். பதினாலாம் மேசையில் எதுவும் நடக்கக் கூடாது. அடியில் கோடு போட்டுத் தேதி எழுதினேன். இதை அப்படியே ஒரு கடிதமாக்கி வாசா நகரத்தில் இசைக்கருவிக் கடை வைத்திருக்கும் டெரிலுக்கு அனுப்பினேன். நான்காம் நாள் தபால் அட்டையில் பதில் வந்தது: "மூன்று இருக்கின்றன. பேஸையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்."

சனிக்கிழமை போனேன். பேஸோடு ஆலையின் கொக்கித் தராசையும் எடுத்துப் போனேன்.

டெரிலின் கடையில் இரும்பு அடுக்குகளில் மார்பளவு உயரத்தில் ஆம்புகள் வரிசையாக இருந்தன. நான் தராசை வெளியே எடுத்ததும் அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"முப்பது வருஷமாக் கடை வச்சிருக்கேன். ஸ்பீக்கர எடை போட்டு வாங்க வந்த மொத ஆளு நீங்கதான்."

"மீன் வாங்குனா எடை போட்டுத்தானே வாங்குறோம்?"

"இது நாறாதுங்களே."

"அது போகப் போகத்தான் தெரியும்."

முதல் ஆம்ப் எல்லாம் ஒன்றாக அடங்கிய பெட்டி, பத்து அங்குல ஸ்பீக்கர். துண்டுச் சீட்டில் இருபத்துநான்கு பவுண்டு என்று போட்டிருந்தது. கொக்கியில் மாட்டினால் இருபத்தாறரை. "மின்கம்பியையும் கைப்பிடியையும் சேக்காம எழுதிருப்பாங்க," என்றார் டெரில் கொஞ்சம் வெட்கத்தோடு. "நான் சேத்துத்தான் தூக்கணும்," என்று அதைத் தள்ளி வைத்தேன். இரண்டாவது பதினான்கே பவுண்டு. சாப்பாட்டுக் கூடை மாதிரி இருந்தது. ஆசையாக வாசித்தேன். மேல் கம்பிகளில் நன்றாகவே பேசியது. கீழ்க் கம்பிக்கு வந்ததும் யாரோ தகர டப்பாவைத் தட்டுவதுபோல் இருந்தது. போல்காவில் ஆடுகிறவர்களின் குதிகால் இறங்குவதே அந்தக் கீழ்ச் சுரத்தில்தான். அது இல்லாமல் என்னை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்?

மூன்றாவது இரண்டு துண்டாக இருந்தது. ஆம்ப் தனி, தடித்த புத்தகம் அளவு, நாலு பவுண்டு. ஸ்பீக்கர் பெட்டி தனி, பன்னிரண்டு அங்குலம், இருபத்திரண்டரை. சேர்த்தால் வரம்பைத் தாண்டும். ஆனால் சேர்த்துத் தூக்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்? இரண்டு நடை நடந்தால் போயிற்று.

"பின்னாடி பெரிய கூட்டத்துக்கு வாசிக்கணும்னா இதே மாதிரி இன்னொரு பொட்டிய வாங்கி மேல வச்சுக்கலாம்," என்றார் டெரில்.

"என்கிட்ட இருக்குறது ஒண்ணே கால் தோளுதான்."

பேஸை மாட்டி, கீழ்ச் சுரத்துக்கான குமிழை நன்றாகத் திருகிவிட்டு வாசித்தேன். சத்தம் நெஞ்சில் வந்து சாய்ந்தது. ஐந்து மாதம் கழித்து என் சொந்தச் சத்தம்! ஒரு வால்ட்ஸ் பாட்டு முழுசையும் வாசித்துவிட்டுத்தான் நிறுத்தினேன்.

"தனியா வாசிச்சா எல்லாமே நல்லாத்தாங்க இருக்கும்," என்றார் டெரில். "கூட்டத்துல வச்சுப் பாருங்க. சரியில்லேன்னா ரெண்டு வாரத்துக்குள்ள கொண்டாங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அட்டையை எடுத்து நான்கில் இரண்டுக்கு அங்கேயே டிக் போட்டேன். மற்ற இரண்டுக்கும் மனசுக்குள் போட்டுவிட்டேன்.

நாலாவது வெள்ளி ஈரப்பனி பெய்தது. சமையற்கட்டுக் கதவு வழியாக மூன்று படி. முதல் நடையில் தோள்பையில் ஆம்ப், கையில் பேஸ். இரண்டாவது நடையில் இடது கையில் பெட்டி. வலிக்கவில்லை. உருளைக்கிழங்கு அடை போட்டுக்கொண்டிருந்த சமையல்காரர் திரும்பிப் பார்த்து, "மீதிப் பொட்டி எங்க?" என்றார். அவ்வளவுதான் என்றேன். நம்பாமல் கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்தார்.

நாங்கள் வாசிக்கும் இடம் ஒரு சாண் உயரப் பலகை மேடை. ஒரு பக்கம் சாலட் மேசை, மறுபக்கம் கேக் வைக்கும் கண்ணாடி அலமாரி. மூலையில் சுவரை ஒட்டிப் பெட்டியை இறக்கி, அதன்மேல் ஆம்பை வைத்தேன். பதினாறு அங்குலம்தான் பிடித்தது. லாவோன் கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

"இதுக்குள்ளயா அத்தன சத்தம்?"

"அத்தன வேண்டாம்னுதானே சொன்ன."

"சொன்னேன்தான்," என்றபடி உள்ளே போனாள்.

ஐந்தரைக்குத் தொடங்கினோம். முதல் பாட்டின் நாலாவது அடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது: என் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. விரல் கம்பியைத் தொடுகிறது, கம்பி அதிர்கிறது, காதில் டிரம்மும் அக்கார்டியனும்தான் விழுகின்றன. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். இருட்டில் யாரோ பக்கத்து அறையில் மரச்சாமானை நகர்த்துவதுபோல ஒரு முனகல் வந்தது. எந்தச் சுரம் என்று சொல்ல முடியவில்லை. இன்னும் கூட்டினேன். கீழ்ச் சுரக் குமிழையும் திருகினேன். கேக் அலமாரியின் கண்ணாடி 'உர்ர்' என்றது. மூன்றாவது பாட்டில் நான் ஒரு சுர மாற்றத்தைத் தவறவிட்டேன். பத்தொன்பது வருடத்தில் நான் தவறவிடாத இடம் அது.

டுவேனின் இடது கையைப் பார்த்தேன். முதல் இரண்டு பாட்டுக்கும் விரல்கள் மடங்கித்தான் இருந்தன. இப்போது சுண்டுவிரல் பக்கத்திலிருந்து ஒன்றொன்றாகப் பிரிந்தன. என்னைக் கைவிட அல்ல. பாட்டு விழுந்துவிடாமல் பிடிக்கத்தான். எனக்கு அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. ஐந்தாவது பாட்டில் அவன் நான்கு விரலும் பொத்தான்மேல் இருந்தன. நான் சும்மா நின்று கம்பிகளைத் தடவிக்கொண்டிருந்தேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

இடைவேளையில் லாவோன் தட்டு அடுக்கை ஏந்தியபடி மேடையைக் கடந்தாள்.

"பதினாலு," என்றாள்.

"மறுபடியும் நடந்துச்சா?"

"நடக்கல. ஓடுச்சு. அந்தாளு முள்ளுக்கரண்டியக் கையால அமுக்கிட்டு விரலால தின்னாரு." நின்று, குரலைத் தணித்தாள். "மார்லிஸ், எட்டு மணி வரைக்கும் பாக்குறேன். சொன்னது சொன்னதுதான்."

டுவேன் பிராந்தி வாங்கப் போனான். நான் அட்டையை எடுத்து விரித்தேன். எடை சரி, அகலம் சரி. அப்படியானால் பெட்டி சிறியது; இதற்குச் சக்தி போதவில்லை; பெரியதாக வாங்கியிருக்க வேண்டும். பெரியதை என்னால் தூக்க முடியாது. அந்தக் கணக்கு எங்கே போய் முடிகிறது என்று எனக்குத் தெரிந்தது. எதையும் கடைசிவரை சரிபார்க்கும் பழக்கத்தில், பேஸை மாட்டிக்கொண்டு ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப மெல்ல வாசித்தேன்.

ரோலி டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்து அடையைத் தின்றுகொண்டிருந்தான். நாற்பது வருடம் பால்பண்ணை நடத்திய ஆள். பேச்சைவிடச் சாப்பாடு அதிகம். எண்ணெய்க் கையால் டிரம் தட்டும் கம்பி பிரஷைத் தொட்டிருக்கிறான், அது நழுவி மேடையில் உருண்டு என் பெட்டியின் முன்னால் போய் நின்றது. எடுக்கக் குனிந்தவன் நிமிரவில்லை. முட்டி போட்டு அப்படியே இருந்தான்.

"ரோலி? இடுப்பு பிடிச்சுக்கிச்சா?"

"நிறுத்தாத. வாசி."

வாசித்தேன்.

"அடியாத்தி! மார்லிஸ், இங்க கீழ ஒரு பேண்டே வாசிக்குது! எறங்கி வந்து கேளு."

"முட்டி போட்டா நான் எழுந்திருக்க மாட்டேன், ரோலி."

"அப்ப உன் முட்டியையே கேளு. இவ்ளோ நேரமும் இந்தப் பொட்டி அதுகிட்டதானே பாடுச்சு. முட்டிக்குக் காதிருந்தா காது கிழிஞ்சிருக்கும்."

கழுத்தை வளைத்து முடிந்தவரை குனிந்தேன். இடுப்புயரத்துக்கு வந்ததுமே என் சத்தம் தெளிவாக வந்தது, டெரிலின் கடையில் கேட்டது போலவே. நிமிர்ந்தேன், போயிற்று. குனிந்தேன், வந்தது. தூரத்து மேசையில் ஒரு அம்மாள் நான் அவளுக்கு வணக்கம் வைக்கிறேன் என்று நினைத்துப் பதிலுக்குத் தலையாட்டினாள்.

கடையில் பெட்டி என் மார்புக்கு நேராக இருந்தது. இங்கே என் கணுக்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. பெட்டியிலிருந்து நான் ஒரு முழம் தள்ளி நிற்க, சத்தம் என் காலைக் கடந்து நேராகச் சாப்பிடுகிறவர்களிடம் போனது. எனக்குக் கேட்கவில்லையே என்று நான் கூட்டக் கூட்ட, பதினாலாம் மேசை வாங்கிக் கட்டிக்கொண்டது. போதாததற்கு வெற்றுப் பலகை மேடையும் மூலைச் சுவரும் வேறு சேர்ந்து முரசு கொட்டின. நானோ எடை எழுதினேன், அகலம் எழுதினேன், ஆழம் எழுதினேன். உயரத்தை எழுதவில்லை. முப்பத்தொரு வருடம் எடைமேடை பார்த்தவள்!

"தூக்கி வைக்கணும்," என்றேன். "எது மேல?"

நாற்காலி தாழ்வு. காலி பீர்ப் பெட்டிகள் இரண்டை அடுக்கினால் ஆடியது. ரோலி வாயைத் துடைத்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். அப்புறம் நடந்துபோய் வாசல் பக்கம் சுவரோரம் நின்ற மர நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்தான். கைக்குழந்தைகளை உட்கார வைக்கும் உயர நாற்காலி, இடுப்பு வாருடன்.

"ரோலி, இது குழந்தைங்களுக்கு."

"இருபத்திரண்டரை பவுண்டுன்னியே. என் பேரனுக்குப் போன மாசம் அதே எடைதான். தாங்கும்."

மேடையில் கால்படாமல் அதன் பக்கத்தில் தரையில் நாற்காலியைப் போட்டோம், மூலையிலிருந்து இரண்டடி தள்ளி. பெட்டியை அவன் தூக்கி உட்கார வைத்தான். சரியாகப் பொருந்தியது. இடுப்பு வாரை முன்னால் கொண்டுவந்து மாட்டினேன். ஆம்பை அதன் தலையில் வைத்தேன். கீழ்ச் சுரக் குமிழைப் பாதிக்கு மேல் இறக்கி, நடுச் சுரங்களைக் கொஞ்சம் ஏற்றி, சத்தத்தை முதலில் வைத்திருந்ததில் மூன்றில் ஒன்றாகக் குறைத்தேன்.

கிளாஸோடு திரும்பி வந்த டுவேன் நின்றுவிட்டான். "யாரு பெத்தது?"

"நான்தான், போன சனிக்கிழமை. வாசாவுல," என்றேன்.

"உன் சாயல்தான். வாயத் தொறந்தா மூடாது போலருக்கு."

ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் இரண்டாம் சுற்றைத் தொடங்கினோம். முதல் சுரம் என் இடது காதுக்குள் நேராக வந்தது. உருண்டையாக, எந்தச் சுரம் என்று பெயர் சொல்லும்படி. இரண்டாவது அடியிலேயே ரோலியின் பிரஷ் என்னோடு வந்து ஒட்டிக்கொண்டது. குளிர்காலம் முழுக்க அவன் காலைத் தரையில் ஊன்றாமல் வாசித்தவன்போல இருந்தான், இப்போது ஊன்றினான். கேக் அலமாரி வாயைத் திறக்கவில்லை. வரிசையில் நின்றவர்களில் ஒரு ஜோடி கோட்டோடு ஆடத் தொடங்கியது. அவர்களுடைய குதிகால் நான் வைக்கும் இடத்தில் இறங்கியது.

டுவேனைப் பார்க்கக் கூடாது என்று இருந்தேன். முடியவில்லை. முதல் பாட்டு முழுவதும் நான்கு விரலும் பொத்தான்மேல்தான் இருந்தன, பழக்கம். இரண்டாவது பாட்டில் ஒருமுறை அவனும் நானும் ஒரே சுரத்தில் மோதினோம், சேறாயிற்று. அவன் தலையைச் சாய்த்துக் கொஞ்சம் கேட்டான். சுண்டுவிரல் மடங்கியது, அடுத்தது, அதற்கடுத்தது. நாலும் உள்ளங்கைக்குள் போனதும் அவன் கண்ணை மூடிக்கொண்டு துருத்தியை நீளமாக இழுத்தான். பாட்டு முடிந்ததும் இடது மணிக்கட்டை உதறி, "அஞ்சு மாசமா இது வலிச்சுட்டே இருந்துச்சு, தெரியுமா," என்றான். எனக்கு எப்படித் தெரியும்? சொன்னால்தானே.

லாவோன் பதினாலாம் மேசைக்கு இரண்டு தடவை போய் வந்தாள். இரண்டாம் தடவை முள்ளுக்கரண்டியைத் தட்டின் விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டு, அது என்ன செய்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மேசைக்காரர், "நான் தின்னலாமா இப்ப?" என்று கேட்டது எனக்கே கேட்டது.

ஏழரைக்கு ஒரு இளம் தம்பதி உள்ளே வந்தார்கள், பனித்தொப்பி போட்ட கைக்குழந்தையோடு. இடம் கிடைத்தது. குழந்தை நாற்காலி வேண்டுமென்றார்கள். கிளப்பில் இருப்பதே இரண்டு. ஒன்றில் ஆறாம் மேசைக் குழந்தை கோஸ் சாலட்டைத் தலையில் தேய்த்துக்கொண்டிருந்தது. இன்னொன்று எங்கே என்று அந்தப் பெண் சுற்றிப் பார்த்தாள், கண்டுபிடித்துவிட்டாள். நான் வாசித்துக்கொண்டேதான் இருந்தேன். நிறுத்திவிட்டு நாற்காலியைக் கொடுத்துவிடலாமா என்று தோன்றியது. கொடுத்தால் பெட்டி தரைக்கு இறங்கும். இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

"அந்த நாற்காலிய எடுத்துக்கலாமா?" என்று அந்தப் பெண் லாவோனிடம் கேட்டாள். "அதுல ஏதோ பொட்டியத்தானே வச்சிருக்காங்க?"

லாவோன் கையிலிருந்த தட்டை மெதுவாக மேசையில் இறக்கினாள். பெட்டியைப் பார்த்தாள், இடுப்பு வாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அதுல ஆளிருக்கும்மா," என்றாள். "வெள்ளிக்கிழமைன்னா அந்த எடம் எப்பவும் அதுக்குத்தான். கொழந்தைய மடியில வச்சுக்கோங்க, நான் ஒரு தலையணை கொண்டாறேன். அந்த ரெண்டு பேர் மேசை கீழ்த்தளத்துச் சாமான் ரூம்ல சும்மாதான் கெடக்குது, அதுமேல நாலு தலையணை இருக்கு."

குழந்தையின் அப்பா அதை முழங்கால்மேல் நிற்கவைத்துப் பிடித்துக்கொண்டார். அடுத்த போல்காவுக்கு அது முட்டியை மடக்கி மடக்கி ஆடியது. தாளம் தப்பவே இல்லை.

எட்டு மணிக்கு நான் வாரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது லாவோன் வந்து, பிள்ளைகளுக்குக் கொடுக்கும் படம்போட்ட மெனு அட்டையையும் நாலு கலர்க் குச்சியையும் பெட்டியின்மேல் வைத்தாள்.

"அடுத்த வெள்ளிக்கும் அஞ்சரைதானே?"

"அஞ்சேகாலுக்கே வந்துருவேன். இதை உக்கார வைக்கணுமே."

பெட்டியை ஒரு நடை, ஆம்பையும் பேஸையும் ஒரு நடை. படியில் பனி உறைந்திருந்தது. தோள் ஒன்றும் சொல்லவில்லை. வண்டிக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டு, சிவப்புக் கலர்க் குச்சியால் அந்தத் தீவன அட்டையில் ஐந்தாவது வரியை எழுதினேன்: உயரம், தரையிலிருந்து இருபத்தேழு அங்குலம். திங்கட்கிழமை அதன் நகல் ஒன்றைக் கடிதத்தோடு டெரிலுக்கு அனுப்பினேன், பெட்டி திரும்பி வராது என்ற செய்தியோடு.